சோடா மெஷினின் சாட்சியம்

அன்றைக்கு பிளக்கைப் பிடுங்க வேண்டியவன் நான். பிடுங்க மறந்தவனும் நான். வேறு எவன் மறந்திருந்தாலும் அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன். என் கழுத்தை நானே பிடித்துக்கொள்ளக் கை ஒழியவில்லை, மடியில் குழந்தை இருந்தது.

என் பெயர் உத்தமன். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் நடக்கும் செவித்திறன் மையத்தில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஜெனரேட்டர்காரன், நாய் விரட்டுபவன் எல்லாம் நான்தான். அடையாள அட்டையில் ‘ஃபெசிலிட்டி எக்ஸிக்யூட்டிவ்’ என்று போட்டிருக்கும். குடியாத்தத்தில் என் மாமனார் அதைப் படித்துவிட்டு, “பெரிய போஸ்டிங் போல” என்றார். நான் மறுக்கவில்லை.

இத்தனை வேலையிலும் முக்கியமானது ஒன்று உண்டு. சோதனை அறைக்குள் குழந்தை போய் உட்கார்ந்ததும், சுவருக்கு இந்தப் பக்கம் கூடத்தில் நிற்கும் சோடா மெஷினின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சோதனை முடிந்ததும் திரும்பச் செருக வேண்டும். எங்கள் டிரஸ்டி ஒருவரின் கம்பெனி மூடியபோது இங்கே வந்து சேர்ந்த மெஷின் அது. என் வயதில் பாதியாவது இருக்கும். காசு போடும் துவாரத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டோம். சோதனை முடித்து வரும் பிள்ளை பட்டனை அழுத்தும், தடாலென்று ஒரு டின் விழும், பிள்ளை அழுகையை நிறுத்தும். மையத்தின் வழக்கம் இது. அந்தப் பட்டனுக்காகவே சோதனைக்கு ஒத்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு.

சோடா குளிர வேண்டுமே. அடியில் இருக்கும் கூலிங் யூனிட் ஓட ஆரம்பித்தால் மாட்டு வண்டி கருங்கல் பாலத்தில் ஏறியது போல இருக்கும். அதற்குத்தான் இந்தப் பிளக் உத்தியோகம். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. என் மகள் அதிதி சோதனைக்கு உட்கார்ந்த புதன்கிழமைதான் தவறியது.

அதிதிக்கு இரண்டு வயது நான்கு மாதம். அம்மா, அப்பா, கா, பூ, ஒன்றும் சொல்வதில்லை. சிரிப்பாள், கத்துவாள், என் மூக்கைத் திருகுவாள்.

அறைக்குள் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவித்யா மேடம். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், மைசூரில் படித்தவர், எங்கள் மையத்தின் பெரிய ஆடியாலஜிஸ்ட். “அப்பா சிலை மாதிரி இருக்கணும். அசையக் கூடாது, திரும்பக் கூடாது” என்று மைக்கில் சொன்னார். நூற்றுக்கணக்கான அப்பாக்களுக்கு நானே சொன்ன வசனம். சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது!

இடது பக்க ஸ்பீக்கரில் மணி அடித்தது. அதிதி கையிலிருந்த ரப்பர் வாத்தின் வாலைக் கடித்தாள். வலது பக்கம் விசில். வாத்தின் தலையைக் கடித்தாள். மேளம். எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது. இன்னும் பெரிய மேளம். என் பல்லே அதிர்ந்தது. அவள் வாத்தோடு மும்முரமாக இருந்தாள்.

அப்போதுதான் சுவருக்கு அப்பால் டடடர்ர்ர் என்று மாட்டு வண்டி கிளம்பியது. அதிதி சட்டென்று நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“திரும்பிட்டா மேடம்! திரும்பிட்டா!” சிலை எழுந்து நின்று கூத்தாடியது.

ஸ்ரீவித்யா மேடம் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “உத்தமன். பிளக்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இந்த ரீடிங் செல்லாது. அடுத்த வாரம் வியாழக்கிழமை பெரா பண்ணிடலாம்” என்றார். குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டி, சத்தம் மூளைவரை போகிறதா என்று பார்க்கும் சோதனை அது. குழந்தை திரும்புகிறதா, அப்பன் கூத்தாடுகிறானா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை.

“ஆனா திரும்பினாளே மேடம்?”

“பாக்கலாம்.”

இந்தப் ‘பாக்கலாம்’ எனக்கு நன்றாகத் தெரியும். கன்னடக்காரர்களுக்கு ‘நோடோணா’, எங்களுக்குப் ‘பாக்கலாம்’, சிவாஜி நகரிலிருந்து வரும் உருதுக்காரர்களுக்கு ‘தேக்தே’. மூன்றும் ஒரே சரக்குதான். ஆறு வருஷமாகக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு வெளியே வரும் பெற்றோர்கள் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சாட்சி சொல்வார்கள். தீபாவளி வெடிக்கு முழித்தான் சார். கூப்பிட்டால் திரும்புவான் சார், மூட் இருக்கணும். பின்னாலிருந்து கை தட்டினால் காற்றுப்பட்டுத் திரும்புகிற பிள்ளைகள், நிழல் விழுந்து திரும்புகிற பிள்ளைகள் எத்தனை! சாயங்காலம் டீ குடிக்கும்போது, “இன்னைக்கு ஒருத்தர் இடியையே சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தார்” என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பெல்லாம் சேர்ந்து வட்டியோடு திரும்பி வந்தது. அதே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன், சோடா மெஷினைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். “உங்க ஞாபக சக்திய நம்பி நான் டெஸ்ட் பண்ண முடியாது உத்தமன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தச் சத்தத்த நிறுத்துங்க. இல்லாட்டி திங்கக்கிழமை அது குஜிரிக்குப் போயிடட்டும்.”

“குஜிரிக்கா? பிள்ளைங்க பட்டன் அமுக்குறதுக்கு?”

“லாலிபாப் குடுத்துக்கலாம்.”

என் மகளுக்குக் காது கேட்கும் என்பதற்கு இந்தப் பூமியில் இருந்த ஒரே சாட்சி அந்த மெஷின். சாட்சியைக் குஜிரிக்காரனிடம் பழைய இரும்புக்குப் போட எந்த அப்பன் சம்மதிப்பான்? “ரிப்பேர் பண்ணிடறேன் மேடம்” என்றேன்.

காக்ஸ் டவுனில் மாடிப் போர்ஷனில் எங்கள் குடித்தனம். என் மனைவி தாரணி மருந்துக் கடை கவுண்டரில் வேலை பார்க்கிறாள். சோதனை நடந்த புதன்கிழமை சாயங்காலம் வந்ததும் வராததுமாக, “மேடம் என்ன சொன்னாங்க?” என்றாள்.

“பாக்கலாம்னாங்க.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“எங்க பெரியப்பா பையன் ரகுராம் நாலு வயசுவரைக்கும் வாயே தொறக்கல தெரியுமா? இப்ப வாய மூடச் சொல்லி ஊரே கெஞ்சுது.”

“நான் ரகுராமப் பத்திக் கேக்கல.”

பதிலுக்கு நான் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து அதிதிக்குப் பின்னால் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. காலி சிலிண்டரை நகர்த்தித் தரையில் தொப்பென்று வைத்தேன். திரும்பினாள்.

“பாத்தியா! தட்டுச் சத்தம் அவளுக்குப் புடிக்கல.”

தாரணி என் கையிலிருந்த தட்டை வாங்கிச் சோறு போட்டாள். “தட்டுமேல ஏங்க பழி போடறீங்க” என்றாள். அவள் தட்டு தட்டிப் பார்ப்பதை நிறுத்தி ஒரு மாதமாகிறது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஏன் நிறுத்தினாள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

சனிக்கிழமை மெஷினின் அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்ப்ரஸர் நான்கு ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று காலில் புஷ்ஷே இல்லை. நான்காவதில் ஏதோ கருப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. இரும்பு இரும்பின் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மற்ற புஷ்கள் எங்கே போயின என்பது எனக்கே தெரியும். போன ஜனவரியில் பெயின்ட் அடிக்க ஆட்கள் வந்தபோது, உள்ளே டின்களைக்கூட எடுக்காமல் மெஷினைச் சாய்த்துத் தனியாக இழுத்த வீரன் நான். கருப்பாக என்னவோ உருண்டு வந்தது. பெருக்கித் தள்ளினேன்.

மீதியிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு சிவாஜி நகரில் பழைய பார்ட்ஸ் விற்கும் நரேஷிடம் போனேன். எல்லோரையும் ‘குரு’ என்று கூப்பிடுகிற அவன் அதை விரலால் அழுத்தினான். உதிர்ந்தது.

“குரு, இது ரப்பரா, மைசூர்பாக்கா?”

“இதே மாதிரி நாலு வேணும்.”

“இதே மாதிரி இப்ப எங்க வருது? ஸ்கூட்டர் எஞ்சின் புஷ் இருக்கு. வெட்டிப் போடு. அதவிட ஜோரா இருக்கும்.”

“சத்தம் நிக்குமா?”

“போட்டுப் பாரு.”

“நிக்குமா, நிக்காதா?”

“கம்ப்ரஸருக்குச் சத்தியம் பண்ண நான் என்ன அதுக்குத் தாய்மாமனா?” என்றவன் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தான். “மிஷின்னா உறுமத்தான் செய்யும் குரு. அது போவாது. ஆட்டம் நின்னுடும். இப்ப தரையெல்லாம் கிடுகிடுங்குது இல்ல? அது நின்னுடும். ஏன், வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா? மூஞ்சி இப்படி இருக்கு?”

“மூஞ்சியே இப்படித்தான்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மையம் விடுமுறை. தாரணிக்கு டியூட்டி. அதிதியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். மேடம் ரிப்போர்ட் எழுதப் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

இறக்கிவிட்டதும் அதிதி நேராக மெஷினிடம் ஓடினாள். எப்போதும் அப்படித்தான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தகரத்தில் வைத்து, கன்னத்தையும் சாய்த்துக்கொண்டு நின்றாள். மாட்டு வண்டி கிளம்பியதும் கண்ணை மூடிச் சிரித்தாள்.

“கேக்குது பாரு. என் தங்கத்துக்குக் கேக்குது பாரு” என்று காலிக் கூடத்தில் யாரிடமோ சொன்னேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். கூலிங் யூனிட்டை மேஜை இழுப்பறையை இழுப்பது போல வெளியே இழுத்தேன். தூசி ஒரு போர்வை கனத்துக்கு வந்தது. ஃபேனின் ஒரு இறக்கை வளைந்து கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. நிமிர்த்தினேன். செம்புக் குழாய் தகரத்தில் இடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். ஸ்கூட்டர் புஷ்களை அளவாக வெட்டிக் கம்ப்ரஸரின் நான்கு காலிலும் கொடுத்து நட்டை முறுக்கினேன். அதிதி தூரத்தில் தரையில் உட்கார்ந்து பேப்பர் கப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

யூனிட்டை உள்ளே தள்ளி பிளக்கைச் செருகினேன்.

ம்ம்ம்ம் என்றது. நரேஷ் சொன்ன உறுமல். வாசல்வரை நடந்துபோய் நின்று பார்த்தேன், அங்கேயும் கேட்டது. ஆனால் டடடர்ர்ர் இல்லை. டின்கள் ஒன்றோடொன்று முட்டவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வேலையை முழுசாகச் செய்துவிட்ட பெருமையில் திரும்பினேன்.

அதிதி ஏழாவது கப்பை வைத்துக்கொண்டிருந்தாள்.

கவனம் அதில் இருக்கிறது, பாவம். பிளக்கைப் பிடுங்கினேன். கம்ப்ரஸரை நிறுத்தினால் உடனே ஓட்டக் கூடாது, ஐந்து நிமிடமாவது விட வேண்டும். அந்த ஐந்து நிமிடம் சுவர்க் கடிகாரத்தையும் அவளுடைய பின்னந்தலையையும் மாறி மாறிப் பார்த்தேன். செருகினேன். ம்ம்ம்ம். எட்டாவது கப்.

மறுபடி ஐந்து நிமிடம். மறுபடி ம்ம்ம்ம். கோபுரம் சரிந்தது. மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள்.

சோதனை அறை அலமாரியிலிருந்து ஒரு மேளத்தை எடுத்து வந்தேன். இந்த வேலையை எப்படிச் செய்யக் கூடாது என்று என்னைவிடத் தெரிந்தவன் இல்லை. நிழல் விழக் கூடாது, காற்று படக் கூடாது, காலை அழுத்தி வைக்கக் கூடாது. வீட்டில் ஒரு நாளும் நான் ஒழுங்காகச் செய்ததில்லை. ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இப்போது பூனை போல நடந்து, மூன்றடி பின்னால் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்தது. அதிதி கப்பை வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எந்த மெக்கானிக்கும் செய்திருக்க மாட்டான். யூனிட்டை வெளியே இழுத்தேன். நட்டுகளைக் கழற்றினேன். நான்கு புஷ்களையும் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன். செம்புக் குழாயில் சுற்றிய டியூபை உரித்தேன். நேராக்கிய ஃபேன் இறக்கையைக் கையாலேயே திரும்ப வளைத்தேன், விரல் கிழிந்தது. ஒரு ரிப்பேரை இவ்வளவு வேகமாக நான் செய்தது கிடையாது, கெடுத்ததும் கிடையாது. உள்ளே தள்ளினேன். ஐந்து நிமிடம் காத்திருக்கவில்லை. கம்ப்ரஸரைக் கிளப்பும் ரிலே டக் டக்கென்று இரண்டு முறை அடித்து மறுத்தது. “ஓடுடா. உன் கால்ல விழறேன், ஓடுடா” என்றேன். மூன்றாவது தடவை ஓடியது.

டடடர்ர்ர்.

அதிதி கப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். தத்தக்கா பித்தக்கா என்று ஓடிவந்து, தகரத்தில் கன்னத்தை வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீயும் வை என்பது போல என் கையை இழுத்தாள்.

வைத்தேன். பிறகு மண்டியிட்டு, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். இரண்டு காதையும் விரலால் இறுக்க அடைத்துக்கொண்டேன். வெளியுலகம் போய்விட்டது. ஆனால் மெஷின் போகவில்லை. தாடையில், முழங்காலில், வயிற்றில் எல்லா இடத்திலும் வந்தது. சிமென்ட் தரை வழியாக, மேஜை நாற்காலிக்கெல்லாம் வருவது போல எனக்கும் வந்தது. சிலிண்டரும் அப்படித்தான் வந்திருக்கும். புதன்கிழமை சோதனை அறையின் தரையும் இதே தரைதான்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு ஜோடிச் செருப்பு நின்றிருந்தது. விரலை எடுத்தேன்.

“ரிப்பேர் பண்றேன்னு சொல்லிட்டு முன்னவிட மோசமா ஆக்கி வெச்சிருக்கீங்க” என்றார் ஸ்ரீவித்யா மேடம். “ஏன் கீழ படுத்திருக்கீங்க? விரல்ல என்ன ரத்தம்?”

எழுந்து உட்கார்ந்தேன். “ரிப்பேர் பண்ணிட்டேன் மேடம். நல்லாத்தான் இருந்தது. நான்தான் திரும்பக் கெடுத்தேன்.”

“எதுக்கு?”

“நல்லாயிட்டா அவ திரும்ப மாட்டேங்கறா.”

மேடம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். தரை அடங்கியது. அதிதி கன்னத்தை எடுத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று மெஷினைத் தட்டினாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு மேடத்தை. மேடம் நாற்காலி இருந்தும் அதில் உட்காரவில்லை. கைப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, தூசியிலேயே எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“வியாழக்கிழமை பெரா இருக்கு உத்தமன். அதுல எல்லாம் கிளியரா…”

“மேடம்.” நான் குறுக்கே புகுந்தேன். “பாக்கலாம்னு சொல்லிடாதீங்க. அந்த வார்த்தைய ஆறு வருஷமா வாசல்ல நின்னு கேக்கறவன் நான். அதுக்கு அர்த்தம் தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க. புதன்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?”

அவர் அதிதியைப் பார்த்தார். அவள் என் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு ரப்பர் புஷ்ஷை எடுத்து, அதன் ஓட்டை வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்ல அவங்கம்மா கேப்பா” என்றேன். “நாலு நாளா ரகுராம் கதையச் சொல்லிட்டிருக்கேன். இன்னைக்கு ஏதாவது ஒண்ணு சொல்லணும். எம்பொண்ணுக்குக் காது கேக்குதா, கேக்கலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மேடம்.”

மேடம் கையை நீட்டி அதிதியின் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“எவ்வளவு கேக்கலைன்னு தெரிஞ்சுக்கத்தான் வியாழக்கிழமை டெஸ்ட்” என்றார். “மத்தபடி, கேக்கல உத்தமன்.”